சொந்தக் கையால் பம்பருக்குச் சாயம்



இந்த மாதப் பாடம் கையால் செய்யும் பாடம். சாயங்காலம் உங்கள் தாமானில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் கார்களின் முன்பம்பரை மட்டும் கவனியுங்கள். ஒன்றில் தூணில் உரசிய கீறல் இருக்கும். ஒன்றில் நெடுஞ்சாலையில் லோரிக்குப் பின்னால் போகும்போது கல் தெறித்த புள்ளிகள். இன்னொன்றில் யாரோ அவசரத்தில் ஸ்ப்ரே அடித்த திட்டு. கீறலைவிட அந்தத் திட்டுதான் முதலில் கண்ணில் படும்.

வேலைக்குப் போன முதல் சில வருடம் நம்மில் பலருக்குக் காரே பெரிய சுமை. மாதத் தவணை, பெட்ரோல், டோல், சாலை வரி, காப்புறுதி. அதுக்கு மேல பம்பருக்கு ஒரு செலவுன்னா, "ஓடுதுல்ல, விடு" என்றுதான் தோன்றும். காப்புறுதியில் கேட்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் சொந்தக் காருக்குக் கிடைக்கும் என்.சி.டி. கழிவு 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து வருடம் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் 55 விழுக்காடு வரை ஏறும். சொந்தச் சேதத்துக்கு ஒரு கோரிக்கை வைத்தால் அது கையை விட்டுப் போய்விடும். உள்ளங்கை அளவு கீறலுக்காக அதை இழப்பது நஷ்டக் கணக்கு.

அந்த அளவு கீறலையும் பெயர்ப்பையும் வீட்டு வாசலில் நாமே சரி செய்ய முடியும். இரண்டு நாள் வேலை, பிறகு ஒரு வாரம் காத்திருப்பு. எங்கள் குடும்பத்து வண்டிகளுக்கு நான் பல வருடமாக இப்படித்தான் செய்து வருகிறேன். முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: சாயம் எதையும் மறைக்காது. அடியில் என்ன இருக்கிறதோ அதையே பளபளப்பாக்கி மேலே காட்டும். இந்தப் பாடத்தின் எல்லாப் படியும் இதிலிருந்து வருவதுதான்.

சாயத்துக்கு முன்னால் ஒரு சோதனை

நாம் பம்பர் என்று தொட்டுப் பார்ப்பது வெறும் தோல். அதற்குப் பின்னால்தான் மோதலைத் தாங்கும் நுரைக்கட்டையும் உலோகச் சட்டமும் இருக்கின்றன. பிளாஸ்டிக் தோல் இடிபட்டு உள்ளே போனாலும் பல நேரம் தானாகவே வெளியே வந்துவிடும். பார்க்க ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். உள்ளே கிளிப்பு உடைந்திருக்கலாம், சட்டம் வளைந்திருக்கலாம்.

அதனால் முதலில் குனிந்து பாருங்கள். பம்பருக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இடது வலது இரண்டிலும் வெவ்வேறு அளவா? கையால் அழுத்தினால் ஆடுகிறதா? டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் விரிசல் தெரிகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அது பட்டறை வேலை. சாயத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சில கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும். பக்கத்தில் வரும் வண்டியைச் சொல்லும் கருவி பின்பம்பரின் மூலைகளில் ஒளிந்திருக்கும். அந்த இடத்தில் தடிப்பாகச் சாயமோ புட்டியோ ஏற்றினால் அதன் பார்வை கெடலாம். கார் கையேட்டைப் பார்த்து, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நிறுத்த உதவும் வட்டமான சென்சார்களின் மேலும் ஸ்ப்ரே படக்கூடாது.

கீறல் இன்னொரு வண்டியோடு மோதியதால் வந்ததா? அப்படியென்றால் சேண்ட் பேப்பரைத் தொடாதீர்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். படம் எடுத்து வையுங்கள். தேய்த்து அழித்த கீறலை யாரிடமும் காட்ட முடியாது.

முதல் சாமான்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை என் அக்கா மகள் காரோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். வெள்ளை மைவி. அக்கா தன் பெயரில் தவணைக்கு எடுத்து அவளிடம் கொடுத்தது. பேரங்காடியின் அடித்தளத்தில் திரும்பும்போது தூணில் உரசி, முன்பம்பரின் இடது மூலையில் விரல் நீளத்துக்குச் சாயம் பெயர்ந்து கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது.

"மாமா, சாயந்தரம் அம்மா மார்க்கெட்டுக்குப் போக காடிய கேப்பாங்க. அதுக்குள்ள அடிச்சு முடிச்சிடலாமா?"

"முடியாதுமா. இன்னிக்கு அடிச்சா இன்னிக்கு மறையும். ரெண்டு மாசத்துல உரிஞ்சு தொங்கும். அப்ப அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

அவள் பேசவில்லை.

"மொதல்ல அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிடு. அப்புறம் கடைக்குப் போலாம்."

கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள். அக்கா சத்தம் போட்டது எனக்கே கேட்டது. ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. இந்த வேலைக்கு வேண்டிய முதல் சாமான் அதுதான். யாருக்கும் தெரியாமல் சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நினைப்பவரால் ஒரு அடுக்கைக்கூட ஒழுங்காகக் காயவிட முடியாது.

நான்கு அடுக்கு

பம்பரின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சு இருக்கும். பெரும்பாலும் பி.பி., இ.பி.டி.எம். என்று பார்க்கலாம். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோடு ரப்பர் கலந்தது என்று அர்த்தம். பாலிபுரோப்பிலீன் மெழுகு மாதிரி வழுக்கும் குணம் உள்ளது. சாதாரண சாயம் அதன் மேல் உட்காரும், பிடிக்காது. நகத்தால் சுரண்டினால் தோல் தோலாக வரும். இரும்பு மாதிரி இது துருப்பிடிக்காது என்பதால் பதறத் தேவையில்லை. ஆனால் பெயர்ந்த ஓரத்துக்குள் தண்ணீர் இறங்க இறங்க, பெயர்ப்பு அகலமாகும்.

அதனால்தான் நான்கு அடுக்கு வேண்டும்.

1. பிளாஸ்டிக் பிரைமர். இதற்கு நிறமே இல்லாமலும் இருக்கும். பிளாஸ்டிக்கையும் மேல் அடுக்கையும் பிடித்துச் சேர்ப்பது இதன் வேலை. கண்ணுக்குத் தெரியவில்லை என்று பலர் இதைத் தவிர்ப்பார்கள். வீட்டில் அடித்த சாயம் உரிவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

2. சாதா பிரைமர். சாம்பல் நிறம். நுண்ணிய கீறல்களை நிரப்பிச் சமமாக்கும்.

3. நிறச் சாயம். காய்ந்ததும் மங்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

4. கிளியர் கோட். பளபளப்பு இதிலிருந்துதான் வருகிறது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்

முதலில் நிறக் குறியீடு. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானட்டுக்கு அடியிலோ ஒரு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கார் சாயம் கலக்கும் கடைக்குப் போங்கள். "வெள்ளை" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். வெள்ளையில் எத்தனையோ வகை. கார் பல வருடம் வெயிலில் நின்றிருந்தால் குறியீட்டு நிறத்துக்கும் இப்போதைய நிறத்துக்கும் வித்தியாசம் இருக்கும். முடிந்தால் காரையே கொண்டுபோய்க் காட்டி, அதற்கேற்பக் கலந்து ஸ்ப்ரே டின்னில் அடைத்துத் தரச் சொல்லுங்கள்.

வெள்ளை, கறுப்பு, சிவப்பு போன்ற தனி நிறங்கள் எளிது. வெள்ளி மாதிரி உலோகத் துகள் கலந்த நிறம் கடினம், ஏனென்றால் துகள் படியும் விதத்தில் நிறமே மாறித் தெரியும். முத்து போல மின்னும் மூன்றடுக்கு நிறம் என்றால் பட்டறையில் கொடுங்கள்.

மற்ற சாமான்கள்: நான்கு அடுக்குக்கும் ஸ்ப்ரே டின்கள், சேண்ட் பேப்பர் 400, 600, 1000, 2000 எண்களில், மாஸ்கிங் டேப், பழைய நாளிதழ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி, பாலிஷ் பேஸ்ட், கையுறை, சுவாசக் கவசம். கீறல் ஆழமாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் புட்டி கொஞ்சம். இரும்புக்கான புட்டியை வாங்கிவிடாதீர்கள். பம்பர் வளையும்போது அது வெடித்துவிடும்.

கடைக்குக் கடை விலை மாறும். இந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு போய் விசாரியுங்கள். பக்கத்துப் பட்டறையிலும் ஒரு விலை கேளுங்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் பட்டறைக்கே கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இடம், நேரம், மூச்சு

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். ஸ்ப்ரே காயும்போது அந்த இடம் குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்தால் சாயம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். மழை நாளிலும், பனி காயாத அதிகாலையிலும் அடிக்க வேண்டாம். உச்சி வெயிலும் ஆகாது. சூடான பம்பரில் சாயம் படிவதற்குள்ளேயே காய்ந்து சொரசொரப்பாகும். மழையில்லாத நாளில், காலை பத்து மணிக்கு மேல், நிழலான வாசல்தான் நல்லது. மாலை மழை வருவதற்குள் அன்றைய ஸ்ப்ரே வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஸ்ப்ரே டின்னில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும். வாசலில் துளசி மாடத்திலோ சாமி மேடையிலோ விளக்கு எரிந்தால், அது அணைந்த பிறகு தொடங்குங்கள். சிகரெட், கொசுவர்த்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

மூச்சு விஷயத்தில் விளையாடாதீர்கள். மருந்தகத்தில் வாங்கும் முகக்கவசம் சாய ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய ரப்பர் கவசம் வேண்டும். அதோடு, கிளியர் கோட் வாங்கும்போது டின்னைப் படியுங்கள். டின்னின் அடியில் பொத்தானை அழுத்தி உள்ளே கெட்டிப்படுத்தியைக் கலக்கும் வகை ஒன்று உண்டு. கடையில் அதை "டூ கே" என்பார்கள். உறுதியானது, ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. தனிக் காற்றுக்குழாயோடு வேலை செய்யும் பட்டறைக்கு உரியது அது. வீட்டுக்கு "ஒன் கே" போதும். பெட்ரோல் பட்டால் அது கரையும், ஆனால் பம்பரில் பெட்ரோல் படும் வாய்ப்புக் குறைவுதானே.

முதல் நாள்: தேய்ப்பு

காரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். டயர் பளபளக்க அடிக்கும் திரவத்தில் சிலிக்கன் இருக்கும். அது ஒரு துளி மிச்சம் இருந்தாலும் சாயம் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். தின்னரால் துடைக்காதீர்கள், பழைய சாயத்தையும் கரைத்துவிடும்.

அடுத்து 400 எண் தாளால் பெயர்ந்த ஓரத்தைத் தேயுங்கள். பழைய சாயத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு படி இருக்கும். அந்தப் படி சரிவாகிக் கரைய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரலுக்குப் படி தட்டுப்பட்டால், அடித்து முடித்த பிறகு கண்ணுக்கும் தட்டுப்படும். என் அக்கா மகள் இந்த ஒரு வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்தாள். மூன்று தடவை "போதுமா மாமா?" என்று கேட்டாள். மூன்று தடவையும் "உன் விரல கேளு" என்றுதான் சொன்னேன். நான்காவது தடவை அவள் கேட்கவில்லை.

400க்குக் குறைந்த முரட்டுத் தாளால் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் அது நார் நாராகக் கிளம்பும், கவனம். சுற்றியுள்ள நல்ல சாயத்தையும் ஒரு சாண் அகலத்துக்கு 1000 எண் தாளால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கிளியர் கோட் அதுவரை போகும்.

இப்போது மறைப்பு. விளக்கு, கிரில், டயர், பானட் எல்லாவற்றையும் நாளிதழால் மூடி டேப் ஒட்டுங்கள். ஸ்ப்ரே தூசி நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும். சாயம் முடியும் இடத்தில் டேப்பைத் தட்டையாக ஒட்டாமல், ஓரத்தை மடித்து லேசாகத் தூக்கி விடுங்கள். அப்போதுதான் கோடு போட்ட மாதிரி விளிம்பு வராது. பம்பரில் இயற்கையாக இருக்கும் மடிப்புக் கோடு வரை கொண்டுபோய் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

மறுபடி ஆல்கஹால் துடைப்பு. பிறகு பிளாஸ்டிக் பிரைமர் மெல்லிசாக. டின்னில் சொன்ன நேரம் விட்டு, சாம்பல் பிரைமர் இரண்டு மூன்று தடவை. அதோடு முதல் நாள் முடிந்தது. இரவு முழுக்க, மழை படாத இடத்தில் காயட்டும்.

இரண்டாம் நாள்: நிறம்

பிரைமரை 600, பிறகு 1000 எண் தாளால் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்குங்கள். தேய்க்கும்போது பிளாஸ்டிக் மறுபடி எட்டிப் பார்த்தால், அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். துடைத்துக் காயவிடுங்கள்.

நிற டின்னை, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். அட்டை ஒன்றில் அடித்துப் பழகுங்கள். பம்பரிலிருந்து ஒரு சாண் தூரம், 20 சென்டிமீட்டர் அளவில் பிடியுங்கள். பம்பருக்கு வெளியே பொத்தானை அழுத்தி, பம்பரைக் கடந்து வெளியே போய் விடுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒழுகும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று, நான்கு பூச்சில் மூடிவிடும்.

அரை மணி நேரம் விட்டு கிளியர் கோட். இதுவும் மூன்று பூச்சு. நிறம் முடிந்த எல்லையைத் தாண்டி, நேற்று 1000 எண்ணால் தேய்த்த இடம் வரை போகட்டும். கடைசிப் பூச்சு கொஞ்சம் ஈரமாக மின்ன வேண்டும். சாயம் முழுக்கக் கெட்டியாவதற்கு முன்பே டேப்பைச் சாய்வாக மெதுவாக இழுத்து எடுங்கள்.

சரியாக வராவிட்டால்

- ஒழுகிவிட்டதா? தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு தேய்த்து, அந்த இடத்தில் மறுபடி அடியுங்கள்.
- ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறதா? தூரத்திலிருந்து அடித்ததாலோ சூட்டினாலோ வந்தது. ஒரு வாரம் கழித்து 2000 எண் தாளும் பாலிஷும் சரி செய்யும்.
- மீன்கண் வந்துவிட்டதா? எண்ணெய்ப் பசை. காயவிட்டு, தேய்த்து, துடைத்துத் திரும்பத் தொடங்குங்கள். மேலே இன்னும் அடித்தால் மறையாது.
- வெளுத்துவிட்டதா? ஈரம். வெயில் வந்த நாளில் மெல்லிசாக இன்னொரு பூச்சு கொடுத்தால் பல நேரம் தெளிந்துவிடும்.

காத்திருப்பு

ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் பாலிஷ் வேண்டாம். ஒரு மாதம் மெழுகும், தூரிகை சுழலும் இயந்திரக் கழுவலும் வேண்டாம். ஆயுத பூசைக்கு முந்தின நாள் அவசரமாக அடிப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பூசைக்கு இரண்டு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். முடியவில்லையா, கீறலோடு பூசை போடுங்கள். காயாத சாயத்தில் சந்தனமும் குங்குமமும் கறையாக இறங்கும். பொட்டைக் கண்ணாடியில் வைக்கலாம்.

காலி டின்னைக் குத்தாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். போகிக்குப் பழையதை எரிக்கும்போது அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டால் வெடிக்கும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வீட்டு வேலை வீட்டு வேலைதான். அக்கா மகளின் மைவியை நான்கடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் இடம் தெரியும். அக்கா அப்படித்தான் குனிந்து பார்த்தார். "பரவால்ல, இங்கதான் இடிச்சேன்னு எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது" என்றார். நாளை காரை விற்கும்போது வாங்குபவர் கேட்டால் இந்த மூலையைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே நுரைக்கட்டையும் சட்டமும் நன்றாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் செய்த வேலை. சொல்லப் பயம் எதற்கு?

சந்திப்பில் பேசவும் செய்யவும்

1. உங்கள் வீட்டுக் காரின் நிறக் குறியீட்டையும், பம்பரின் உள்பக்க அச்சையும் கண்டுபிடித்து எழுதி வாருங்கள்.

2. பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய பம்பர் ஒன்று கேட்டு வாங்குங்கள். பாதிக்குப் பிளாஸ்டிக் பிரைமர் போட்டும், மறுபாதிக்குப் போடாமலும் சாயம் அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். எது டேப்போடு வந்தது?

3. கார் நிறுத்துமிடத்தில் யாரும் பார்க்காதபோது பக்கத்துக் காரை உரசிவிட்டீர்கள். உங்கள் பம்பரை நீங்களே சரி செய்யத் தெரியும். அடுத்த காருக்கு என்ன செய்வீர்கள்? கண்ணாடியில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பதில் தொடங்கி, ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.